ஒரே அறிவுரை எல்லா நோய்க்கும் பொருந்தாது: தொற்று எப்படிப் பரவுகிறது, எங்கே தடுக்கலாம்

எங்காவது ஒரு தொற்றுநோய் தலைகாட்டியதாகச் செய்தி வந்தால் போதும், கூடவே ஓர் அறிவுரைப் பட்டியலும் வந்துவிடும். கையைக் கழுவுங்கள், முகக்கவசம் போடுங்கள், தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், கொசு சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நோய்க்குச் சரியான அறிவுரைதான். ஆனால் முகக்கவசம் காலராவைத் தடுக்காது. எவ்வளவு தேய்த்துக் கை கழுவினாலும் தட்டம்மை வருவது நிற்காது. இரவில் கொசுவலைக்குள் படுத்தவருக்கும் டெங்கு வரும், அதைப் பரப்பும் கொசு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கிறது.

எந்த அறிவுரை எங்கே பலிக்கும் என்று தெரிந்துகொள்ள, கிருமியைப் பற்றி மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். அது ஓர் உடலிலிருந்து வெளியேறி அடுத்த உடலுக்குள் எந்த வழியாக நுழைகிறது? நோயாளி எந்த நாளிலிருந்து அதைப் பரப்பத் தொடங்குகிறார்? ஒருவரிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குப் போகிறது? செய்திகளைப் படிக்கும்போது வரும் குழப்பம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று சொல்லப்படாமல் விடுபட்டதால் வருவதுதான்.

முதலில் சில சொற்கள்

1. தொற்றும் நோயும் ஒன்றல்ல. கிருமி உடலுக்குள் நுழைந்து தங்கிவிட்டால் அது தொற்று. அதனால் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து உடல் பாதிக்கப்பட்டால் அது நோய். உலக மக்கள்தொகையில் சுமார் நாலில் ஒரு பங்கினருக்குக் காசநோய்க் கிருமி தொற்றியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது அது நோயாக மாறுகிறது.

2. நோயரும்பு காலம் என்பது கிருமி நுழைந்த நாளுக்கும் முதல் அறிகுறி தெரியும் நாளுக்கும் இடைப்பட்ட காலம். ஃபுளூவுக்கு இது 1 முதல் 4 நாள், சின்னம்மைக்கு 10 முதல் 21 நாள், வெறிநாய் கடித்து வரும் வெறிநோய்க்கு (ரேபிஸ்) பெரும்பாலும் 1 முதல் 3 மாதம்.

3. தொற்றும் காலம் என்பது ஒருவரிடமிருந்து கிருமி மற்றவருக்குப் போகக்கூடிய காலம். இது அறிகுறிக்கு முன்பே தொடங்குகிறதா, பின்புதான் தொடங்குகிறதா என்பதில்தான் பல விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

4. கிருமிதாங்கி என்பவர் தனக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே கிருமியைச் சுமந்து பரப்புகிறவர். நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மாலன் இதற்குப் பேர்போன உதாரணம். அவர் வேலை செய்த வீடுகளில் அடுத்தடுத்து டைபாய்டு வந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை. 1907-ல் கண்டுபிடித்துத் தனிமையில் வைத்தார்கள். 1910-ல், இனி சமைக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகு விட்டார்கள். 1915-ல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் டைபாய்டு பரவியபோது, வேறொரு பெயரில் அங்கே சமைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான் என்று தெரிந்தது. 1938-ல் இறக்கும்வரை தனிமையில்தான் இருந்தார். நலமாக இருக்கும் ஒருவரிடம் ‘நீங்கள்தான் காரணம்’ என்று சொன்னால் அவர் நம்ப மறுப்பது, அன்றைக்கும் இன்றைக்கும் தொற்றுத் தடுப்பின் பெரிய சிக்கல்.

5. கிருமியின் இருப்பிடம் என்பது அது நிரந்தரமாகத் தங்கிப் பிழைக்கும் இடம். மனித உடல், விலங்கு, பறவை, மண், தண்ணீர் என எதுவாகவும் இருக்கலாம்.

தண்ணீர் வழி: ஒரு கைப்பிடி சொன்ன பாடம்

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கெட்ட காற்றால் நோய் வருகிறது என்பதுதான் அன்றைய மருத்துவர்களில் பெரும்பாலோரின் நம்பிக்கை. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் மட்டும் தண்ணீரைச் சந்தேகித்தார். இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தபோது, அவை பிராட் தெருவில் இருந்த ஒரு அடிபம்பைச் சுற்றியே இருந்தன.

அவருடைய வாதத்துக்கு வலுச் சேர்த்தவை விதிவிலக்குகள்தான். அந்தப் பம்புக்குப் பக்கத்திலேயே ஒரு பீர் ஆலை இருந்தது. அதில் வேலை பார்த்தவர்களில் ஒருவர்கூடக் காலராவில் சாகவில்லை. அவர்கள் குடித்தது பீரும் ஆலையின் சொந்தக் கிணற்றுத் தண்ணீரும். மாறாக, காலராவே இல்லாத ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி இறந்திருந்தார். பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர் அவர். அதே தண்ணீரைக் குடித்துவிட்டு ஊர் திரும்பிய அவருடைய உறவுப் பெண்ணும் இறந்தார். காற்றுதான் காரணம் என்றால் இந்த இரண்டையும் விளக்க முடியாது. செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தானாகவே குறையத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்னோவே ஒப்புக்கொண்டார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதை விட்டுவிடுவது வழக்கம்.

கிருமி யார் கண்ணிலும் படாமலேயே, அது வரும் வழியை வைத்து மட்டும் தடுக்க முடியும் என்பதுதான் இதில் முக்கியம். ராபர்ட் காக் காலராக் கிருமியை அடையாளம் கண்டது அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து.

மலத்தில் வெளியேறி வாய் வழியாக நுழையும் கிருமிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான தடுப்பு சுத்தமான தண்ணீர், கழிவுநீர் கலக்காத குழாய், கழிப்பறை, கை கழுவுதல். ஆனால் இதற்குள்ளும் வித்தியாசம் உண்டு. ஆரோக்கியமான ஒருவருக்குக் காலரா வரப் பொதுவாகக் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உள்ளே போக வேண்டும், ஏனென்றால் வயிற்று அமிலம் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவுக்கோ நூறுக்கும் குறைவானவை போதும். அதனால் காலரா பெரும்பாலும் மாசுபட்ட தண்ணீர், உணவு வழியாகப் பரவ, ஷிகெல்லா ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கே தாவிவிடுகிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் கலந்த சானிடைசர் சரியாக வேலை செய்வதில்லை. அங்கே சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். சானிடைசர் தடவிக்கொண்டோமே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாத இடம் அது.

காற்று வழி: நீண்ட நாள் குழப்பம்

இருமும்போதும் பேசும்போதும் மூச்சு விடும்போதும்கூட வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் துளிகள் வெளியேறுகின்றன. அவற்றின் அளவை மைக்ரான் கணக்கில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். 100 மைக்ரான் அளவுள்ள துளி, நிற்கும் ஆளின் வாயிலிருந்து தரைக்கு விழச் சில நொடிகள்தான் ஆகும். 5 மைக்ரான் துளி காற்று அசையாத அறையில் விழ அரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். காற்று கொஞ்சம் அசைந்தாலும் அது கீழே இறங்காமல் மிதந்துகொண்டே இருக்கும்.

பல ஆண்டுகளாக மருத்துவப் பாடங்களில் 5 மைக்ரான் ஓர் எல்லைக்கோடாக இருந்தது. அதற்கு மேற்பட்டவை சீக்கிரம் விழுந்துவிடும், எனவே ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி நின்றால் போதும். அதற்குக் கீழ்ப்பட்டவை மட்டுமே காற்றில் மிதந்து பரவும். இப்படித்தான் நோய்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆனால் துளிகள் அப்படிக் கோடு கிழித்து நடந்துகொள்வதில்லை. 5 மைக்ரானைவிடப் பல மடங்கு பெரியவையும் கொஞ்ச நேரம் மிதக்கும். 2020 மார்ச்சில் கோவிட் காற்றில் பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் உறுதியாக அறிவித்ததற்குப் பின்னால் இருந்தது இந்தப் பழைய பிரிவினைதான். அது படிப்படியாக மாறி, 2024-ல் துளி, நுண்துளி என்ற பாகுபாட்டையே கைவிட்டு ‘காற்றின் வழியே பரவுதல்’ என்ற பொதுச் சொல்லுக்கு அந்த நிறுவனம் வந்து சேர்ந்தது. நடுவில் உலகம் முழுக்க மேசை நாற்காலிகளைத் துடைத்துத் துடைத்துச் செலவான உழைப்பில் ஒரு பங்கை ஜன்னல் திறப்பதற்குக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இவ்வளவுக்கும் காற்றுப் பரவலுக்கான சான்று புதிதல்ல. 1950-களில் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு மருத்துவமனையில் ரிச்சர்ட் ரைலியும் வில்லியம் வெல்ஸும் ஒரு சோதனை செய்தார்கள். காசநோயாளிகள் தங்கிய வார்டிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுபோய், கினிப்பன்றிகள் இருந்த கூண்டறைக்குள் விட்டார்கள். அந்த விலங்குகள் எந்த நோயாளியையும் பார்க்கவில்லை, தொடவில்லை. அவர்கள் விட்ட மூச்சுக் காற்றை மட்டுமே சுவாசித்தன. மாதத்துக்குச் சுமார் மூன்று வீதம் அவற்றுக்குக் காசநோய் தொற்றிக்கொண்டே வந்தது. பிறகு இன்னொரு கூண்டறைக்குப் போகும் காற்றின் மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். அங்கே ஒரு விலங்குக்கும் தொற்றவில்லை.

காற்றில் பரவுவதைச் சிகரெட் புகைபோல நினைத்துக்கொண்டால் தடுப்பு முறைகள் தாமாகவே விளங்கும். புகைப்பவருக்குப் பக்கத்தில் நெடி அதிகம், தள்ளிப்போனால் குறைவு. மூடிய அறையில் நேரம் ஆக ஆக நிறையும், திறந்தவெளியில் கலைந்துவிடும். ஆகவே:

1. இடைவெளி உதவும், ஆனால் மூடிய அறையில் அது மட்டும் போதாது. தட்டம்மை வைரஸ், நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம்வரை காற்றில் தொற்றும் நிலையில் இருக்கும். அந்த அறையில் இரண்டு மீட்டர் தள்ளி நிற்பதற்கு ஆளே இல்லை.

2. காற்றோட்டம்தான் முதல் தடுப்பு. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் காற்று குறுக்காகப் பாயும். உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுழற்றும் ஏசி இதைச் செய்வதில்லை. அறைக்குள் கரியமில வாயுவின் அளவைக் காட்டும் சிறு கருவிகள் உண்டு. அளவு ஏறிக்கொண்டே போனால் மற்றவர் விட்ட மூச்சை நாம் இழுக்கிறோம் என்று அர்த்தம்.

3. முகக்கவசம் பொருந்தி இருப்பது முக்கியம். என்-95 வகைத் துணி மிக நுண்ணிய துகள்களிலும் 95 சதவீதத்தை வடிகட்டும், ஆனால் மூக்கோரத்தில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும்.

கொசு, ரத்தம், தொடுதல்

கொசுவால் பரவும் நோய்களில், நோயாளியின் பக்கத்தில் உட்கார்வதால் எதுவும் வராது. அவரைக் கடித்த கொசுதான் பிரச்சினை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நோயாளியைக் கடித்தாலும் உடனே பரப்பிவிடாது; வைரஸ் அதன் உடலுக்குள் பெருகி உமிழ்நீருக்கு வர 8 முதல் 12 நாள் ஆகும். முட்டையிலிருந்து வளர்ந்த கொசுவாக அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்கிறார்கள்: ஒரு வாரத்துக்குள் கொட்டினால் அந்தப் புழு கொசுவாகாது. கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்க்கவும் வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். இந்தக் கொசு அதிக தூரம் பறப்பதில்லை என்பதால் உங்களைக் கடிப்பது பெரும்பாலும் சுற்றுவட்டாரத்தில் பிறந்ததாகவே இருக்கும். மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் இரவில் கடிப்பது. கொசுவலை அங்கேதான் பலிக்கிறது.

ரத்தம், உடலுறவு வழியாகப் பரவுபவை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எச்.ஐ.வி. கைகுலுக்கினால் வராது, கொசு கடித்தாலும் வராது. ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு மூலம் அது பரவுவதில்லை. இங்கே சிகிச்சையே தடுப்பாகவும் ஆகிவிடுகிறது.

எந்த நாளில் பரப்புகிறார்?

2002 கடைசியில் தொடங்கிய சார்ஸ் நோய் 8,000-க்கும் மேற்பட்டோரைத் தொற்றி, 2003 ஜூலையில் கட்டுக்குள் வந்தது. தடுப்பூசி இல்லை, குறிப்பிட்ட மருந்தும் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த கோவிட் வைரஸ் உலகத்தையே முடக்கியது. என்ன வித்தியாசம்? சார்ஸ் நோயாளியிடம் வைரஸ் உச்சத்துக்கு வந்தது அறிகுறி தொடங்கிச் சுமார் பத்தாம் நாளில். அதற்குள் அவர் மருத்துவமனைக்கு வந்திருப்பார். பிரித்து வைத்தால் சங்கிலி அறுந்துவிடும். கோவிட் நோயாளியோ அறிகுறிக்கு ஓரிரு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுகிறார். காய்ச்சல் வந்தவரைப் பிடித்துத் தனிமைப்படுத்தும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

விமான நிலையத்தில் நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்துக் காய்ச்சல் பார்ப்பது கோவிட்டுக்கு ஏன் பெரிதாக உதவவில்லை என்பதற்கும் இதுதான் பதில். எபோலாவில் நிலைமை வேறு. அறிகுறி இல்லாதவர் அதைப் பரப்புவதில்லை, அதனால் காய்ச்சல் பார்ப்பதிலும் தொடர்பில் இருந்தவர்களைக் கண்காணிப்பதிலும் அர்த்தம் உண்டு. கண்காணிப்பு 21 நாள், ஏனென்றால் அதன் நோயரும்பு காலத்தின் மேல் எல்லை அதுதான். கடைசி நோயாளிக்குப் பிறகு, அதில் இரண்டு மடங்கான 42 நாள் புதிய தொற்று எதுவும் இல்லாவிட்டால்தான் பரவல் முடிந்ததாக அறிவிப்பார்கள்.

நீண்ட நோயரும்பு காலம் ஓரிடத்தில் நமக்குச் சாதகமாகவும் இருக்கிறது. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் கடித்த இடத்திலிருந்து வைரஸ் நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேர வாரங்கள், மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் கடிக்குப் பின் போடும் தடுப்பூசி வேலை செய்கிறது. அதற்கு முன்பே, கடிபட்டவுடன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவச் சொல்வதும், வைரஸ் நரம்புக்குள் நுழையும் முன்பே அதைக் குறைக்கத்தான்.

எத்தனை பேருக்கு?

யாருக்கும் எதிர்ப்புசக்தி இல்லாத ஓரிடத்தில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுப்பார் என்பதை அடிப்படைப் பெருக்க எண் என்கிறார்கள். செய்திகளில் ‘ஆர்’ மதிப்பு என்று வருவது இதன் உறவுதான். அது இன்றைய தேதியில் இருக்கும் நிலவரத்தைச் சொல்வது. ஒன்றுக்கு மேலே இருந்தால் பரவல் வளரும், ஒன்றுக்குக் கீழே போனால் தேயும்.

ஒருவரிடமிருந்து இரண்டு பேர் என்று போனால் பத்தாவது சுற்றில் 1,024 பேர். இதையே 1.3-க்குக் குறைத்தால் பத்தாவது சுற்றில் சுமார் 14 பேர்தான். “இது நூறு சதவீதம் தடுக்குமா?” என்று ஒவ்வொரு தடுப்பு முறையைப் பற்றியும் கேட்பது அதனால்தான் தவறான கேள்வி. மூன்றில் ஒரு பங்கு தடுத்தாலே கணக்கு தலைகீழாக மாறிவிடுகிறது. தனி ஆளுக்கு அரைகுறையாகத் தெரியும் தடுப்பு, ஊருக்குப் பெரிய தடுப்பாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இது சராசரி மட்டுமே. பல நோய்களில் பெரும்பாலான நோயாளிகள் யாருக்கும் கொடுக்காமலே போவார்கள், ஒருசிலர் பலருக்குக் கொடுப்பார்கள். 2003 பிப்ரவரியில் ஹாங்காங்கில் ஒரு ஹோட்டலில் தங்கிய ஒரே சார்ஸ் நோயாளியிடமிருந்து தொற்றியவர்கள்தான் அதை டொரான்டோவுக்கும் சிங்கப்பூருக்கும் ஹனோய்க்கும் கொண்டுபோனார்கள். நெரிசலான, மூடிய இடங்களை முதலில் கவனிக்கச் சொல்வது இதனால்தான்.

தடுப்பூசிக் கணக்கும் இதே எண்ணிலிருந்து வருகிறது. ஒருவரிடமிருந்து 2 பேருக்குப் போகும் நோயை நிறுத்த, மக்களில் பாதிப் பேருக்கு எதிர்ப்புசக்தி இருந்தால் போதும். தட்டம்மையில் அந்த எண் 12 முதல் 18 வரை. 15 என்று வைத்துக்கொண்டால், 15-இல் 14 பேருக்கு, அதாவது சுமார் 93 சதவீதம் பேருக்கு எதிர்ப்புசக்தி வேண்டும். இரண்டு தவணை தட்டம்மைத் தடுப்பூசி சுமார் 97 சதவீதம் பலிக்கும். 95 சதவீதம் குழந்தைகளுக்குப் போட்டால் உண்மையில் பாதுகாக்கப்பட்டவர்கள் 92 சதவீதம். பார்த்தீர்களா, 95 என்பது தாராளமான இலக்கல்ல, நூலிழையில் நிற்கும் எண். அப்புறம் இன்னொன்று: நாடு முழுக்க 95 என்றாலும், ஊசி போடாதவர்கள் ஒரே பள்ளியில் சேர்ந்திருந்தால் அந்தப் பள்ளிக்குள் கணக்கு வேறு.

டெட்டனஸுக்கு இந்தக் கணக்கே கிடையாது. அது மண்ணிலிருந்து காயத்துக்குள் போவது, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவாது. சுற்றியிருப்பவர்கள் அத்தனை பேரும் ஊசி போட்டிருந்தாலும் போடாத ஒருவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

எதை ஒழிக்கலாம், எதை ஒழிக்க முடியாது?

பெரியம்மை 1977-ல் சோமாலியாவில் கடைசியாக இயற்கையாகத் தொற்றியது. 1980 மே மாதம் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதன் கிருமிக்கு மனித உடலைத் தவிர வேறு இருப்பிடம் இல்லை, நோயாளியைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம், தடுப்பூசி நீண்ட காலம் பாதுகாத்தது. ஃபுளூவுக்கு இது நடக்காது; பறவைகளிடமும் பன்றிகளிடமும் அது இருந்துகொண்டே இருக்கும், உருவையும் மாற்றிக்கொண்டே இருக்கும்.

ஊசியும் மருந்தும் இல்லாமலே ஒழிப்பின் விளிம்புக்கு வந்திருப்பது கினிப் புழு நோய், அதாவது நரம்புச் சிலந்தி. குட்டையில் வாழும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளோடு இதன் இளம்புழு வயிற்றுக்குள் போகிறது. ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து, ஒரு மீட்டர்வரை நீளமுள்ள புழு கால் தோலைத் துளைத்துக்கொண்டு மெல்ல வெளியே வருகிறது. எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் வைக்கிறார். அந்த நொடியில் புழு ஆயிரக்கணக்கான இளம்புழுக்களைக் குட்டைக்குள் விடுகிறது. இந்தச் சுற்றை உடைக்க இரண்டே வேலைகள்: தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பது, புழு வெளிவரும் காலோடு யாரும் குட்டையில் இறங்காமல் பார்த்துக்கொள்வது. 1980-களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேரைப் பிடித்த நோய், 2023-ல் உலகம் முழுக்க 14 பேருக்குத்தான் வந்தது.

ஆனால் 2012 முதல் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் நாய்களிடம் இந்தப் புழு தென்படத் தொடங்கியது. மனிதரைத் தவிர வேறு இருப்பிடம் இருக்கிறது என்றால் கணக்கே மாறிவிடும். இளம்புழு இருக்கக்கூடிய மீன் குடலை நாய்கள் தின்னாதபடி புதைப்பதும், புழு வெளிவரும் நாய்களைக் குட்டைப் பக்கம் போகாமல் கட்டிப்போடுவதும் இப்போது அந்த நாட்டின் ஒழிப்புத் திட்டத்தில் சேர்ந்துவிட்டன.